மேல்வயிற்று வலியோடு வருபவரின் லைபேஸ் அளவை வாசிக்கும் முறை

நெஞ்சுக்குழியில் தொடங்கி முதுகுவரை பரவும் வலியும் ஓயாத வாந்தியுமாக ஒருவர் அவசரப் பிரிவுக்கு வந்தால், கணைய அழற்சியை நினைக்க வேண்டும். ஆனால் முதலில் இசிஜி எடுத்துவிடுங்கள், ஏனெனில் இதயத்தின் கீழ்ச்சுவரில் ஏற்படும் மாரடைப்பும் இதே இடத்தில் வலிக்கக்கூடும்.

அடுத்து, வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கணையம் சுரக்கும் செரிமான நொதியான லைபேஸ், இரத்தத்தில் 4 முதல் 8 மணி நேரத்துக்குள் உயர்ந்து, ஏறக்குறைய 24 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஒன்றிரண்டு வாரம்வரை உயர்ந்தே இருக்கும். கணையத்தின் மற்றொரு நொதியான அமைலேஸ் சில நாட்களிலேயே இறங்கிவிடுவதால், மூன்று நாள் வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதமாக வருபவரிடம் அது ஏமாற்றிவிடும். ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் லைபேஸையே கேளுங்கள்.

தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளையில் பணிபுரிவோர் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முந்தைய இரவு பாறசாலையில் எடுத்த ரிப்போர்ட்டோடு வருபவருக்கு மார்த்தாண்டத்தில் மறுபடியும் இரத்தம் எடுப்பார்கள். இரண்டு ஆய்வகங்களின் இயல்பு எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கணைய அழற்சிக்குச் சான்றாகக் கொள்ள, லைபேஸ் இயல்பின் மேல் எல்லையைப் போல் மும்மடங்காவது இருக்க வேண்டும். லைபேஸ் 250 என்று வைத்துக்கொள்வோம். மேல் எல்லை 60 எனில் அதன் மும்மடங்கு 180. ஆகவே அளவு தாண்டிவிட்டது. மேல் எல்லை 160 எனில் 480 தேவை, ஆகவே தாண்டவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைப் பார்க்காமல் முடிவு சொல்லவே கூடாது.

கணைய அழற்சியைக் கண்டறிவதற்கான, 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வரையறையின்படி, இந்நோய்க்கே உரிய வலி, மும்மடங்கு உயர்ந்த நொதி, ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு போதும். வலியும் நொதியும் பொருந்திவிட்டால், நோயை உறுதிசெய்வதற்காக மட்டும் அன்றிரவே சிடி எடுக்க வேண்டியதில்லை. பித்தப்பைக் கல்லுக்கு அல்ட்ராசவுண்ட் அவசியம். சிறுநீரகச் செயலிழப்பு, குடல் துளை, சர்க்கரை நோயின் கீட்டோஅசிடோசிஸ் (இரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேரும் நிலை) ஆகியவற்றிலும் லைபேஸ் உயரும் என்பதால், வலி பொருந்தாதபோது அவற்றைத் தேடுங்கள்.

அளவு ஆயிரக்கணக்கில் இருந்தால் நோய் கடுமையானது என்று உறவினர்களிடம் சொல்லாதீர்கள். கடுமையை யூரியா, ஹீமாட்டோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு), நாடித்துடிப்பு, மூச்சு, சிறுநீர் அளவு ஆகியவையே காட்டும். லைபேஸை நாள்தோறும் திரும்பச் செய்வது நோயாளிக்கு வீண் செலவு.

கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் விரிவாகப் பதிவுசெய்த, இளம் வயதிலேயே கணையத்தில் கல்லும் சர்க்கரை நோயும் வரும் வகை இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. அத்தகையவரின் கணையம் ஏற்கெனவே சிதைந்திருப்பதால், வலி கடுமையாக இருக்கும்போதும் லைபேஸ் இயல்பாகவே இருக்கலாம். அவரை வீட்டுக்கு அனுப்பாமல் ஸ்கேனுக்கு அனுப்புங்கள்.