டேங்க் எடுப்பதில் தொடங்கும் தவறுகள்

கீழக்கரை, மண்டபம் பக்கம் "செப்டிக் டேங்க் எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டால், "கட்டினதிலிருந்து எடுத்ததே இல்ல, நல்லாத்தான் போகுது" என்று பெருமையாகச் சொல்வார்கள். பல வீடுகளில் அது டேங்கே இல்லை. மணலில் நாலு சிமென்ட் உறையை இறக்கி, அடியைப் பூசாமல் விட்ட குழி. கழிவுநீர் மணல் வழியாகக் கிணற்றுப் பக்கம் போய்க்கொண்டிருப்பதால்தான் நிரம்பவில்லை. ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் ஏறினால் அதே வழியில் உப்புத் தண்ணீர் உள்ளே வரும்.

இந்த உப்புதான் அப்புறம் சாண எரிவாயு மாதிரி கசடில் வாயு எடுக்கப்போனால் வினையாகிறது. கடல்நீரில் சல்பேட் உண்டு. காற்றுப் புகாத தொட்டியில் அதைப் பிடித்துக்கொள்ளும் நுண்ணுயிர்கள் மீத்தேன் தரும் நுண்ணுயிர்களோடு போட்டி போட்டு, அழுகின முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடைத் தந்துவிடும். துருப்பிடித்த இரும்புத் துருவல் அடைத்த குழாய் வழியாக விடாமல் நேரே ஜெனரேட்டருக்குக் கொடுத்தால் எஞ்சினை அரித்துவிடும்.

பத்து வருஷக் கசடில் வாயு வரும் என்று நம்புவதும் தவறுதான். வரவேண்டியதில் பெரும்பகுதி எப்போதோ வென்ட் குழாய் வழியாகப் போயாச்சு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ராமேஸ்வரம் லாட்ஜ்களில் சீக்கிரம் நிரம்பும் புதுக் கசடோடு ஹோட்டல் சோற்று மிச்சம் சேர்ந்தால் வாயு நன்றாக வரும்.

கசடில் 95 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைக் கரண்டில் காயவைக்க யாராவது யோசனை சொன்னால், நம்ம ஊர் வெயிலைக் காட்டுங்கள். மணல் பாத்தி போதும், மழைக்கு ஒரு கூரை வேண்டும், அவ்வளவுதான்.

காய்ந்ததும் வாடை போய்விடும், அப்படியே மிளகாய்க் காட்டில் கொட்டிவிடுவார்கள். குடற்புழு முட்டை அதற்கெல்லாம் சாகாது. தென்னை நார்த்தூள் கலந்து குவித்து, கிளறிக் கிளறி மக்கவைக்க வேண்டும். நடுவில் 55 டிகிரி சூடு சில நாளாவது நிற்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையா, இரும்புக் கம்பியைக் குத்திப் பத்து நிமிஷம் கழித்து உருவினால் கையில் பிடிக்க முடியாமல் சுடும். சுண்ணாம்பு போட்டாலும் கிருமி சாகும், ஆனால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும்.

கடைசியாக, வாயு எடுத்த கசடைப் பிழிந்த தண்ணீரை வாய்க்காலில் விடுவது. அம்மோனியாவில் பெரும்பகுதியும் மணிச்சத்தில் ஒரு பகுதியும் அதில் கரைந்திருக்கின்றன. வாலிநோக்கம் உப்பளத்தில் உப்பு வாரியபின் மிஞ்சும் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம் ஏராளம். அதை அளவாகச் சேர்த்தால் மூன்றும் கூடி வெள்ளை உரப் பரலாக அடியில் தங்கும். குழாய் வளைவுகளில் தானாகப் படிந்து அடைக்கிறதே ஒரு வெள்ளைக் காறை, பல இடங்களில் அது இதே பொருள்தான். அதை உளி வைத்துத் தட்டி எடுத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.