எக்ஸ்பி சிஸ்டமும் விண்டோஸ் 11 லேப்டாப்பும்: வீட்டில் ஷேர் போடும்போது செய்யக்கூடாதவை

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையோ அம்மாப்பேட்டைத் தறி வீடோ, மூலையில் விண்டோஸ் எக்ஸ்பி போட்ட ஒரு பழைய சிஸ்டம் ஓடிக்கொண்டிருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். டிசைன் மென்பொருள் அதில்தான் ஓடும். சிக்கல் புது லேப்டாப் வந்த அன்றைக்குத் தொடங்குகிறது. பழைய சிஸ்டத்தில் 'ஷேர்' போட்டு, அதாவது மற்ற சிஸ்டங்களும் எடுக்கும்படி பகிர்ந்து வைத்து, நேற்றுவரை திறந்த ஃபோல்டர் புது லேப்டாப்பில் திறக்காது. உடனே ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள், அதில் பாதி வேலையைக் கெடுக்கும்.

முதல் தவறு ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவலை, அணைப்பது. ஷேர் திறந்துவிட்டால் மறுபடி போட யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு: வைஃபையில் சேரும்போது விண்டோஸ் அந்த நெட்வொர்க்கைப் 'பப்ளிக்' (பொது இடத்து நெட்வொர்க்) என்று பதிந்துகொள்கிறது. செட்டிங்ஸில் அந்த நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸுக்குப் போய் 'பிரைவேட்' ஆக்கி, நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஆன் செய்யுங்கள். ஃபயர்வால் தேவையான கதவை மட்டும் தானே திறக்கும்.

இரண்டாவது, 'நெட்வொர்க்' ஐகானில் பழைய சிஸ்டம் தெரியவில்லை என்பதற்காக இணைப்பே இல்லை என்று முடிவு கட்டுவது. அந்தப் பட்டியலை நிரப்பிய பழைய முறை புது விண்டோஸில் இல்லை. புது முறை எக்ஸ்பிக்குத் தெரியாது. பட்டியலை விட்டுவிடுங்கள். பழைய சிஸ்டத்தின் ஐபி எண்ணை (நெட்வொர்க்கில் அதன் முகவரி) பார்த்து, லேப்டாப்பின் முகவரிப் பட்டியில் \\192.168.1.20 என்பதுபோல நேராக அடியுங்கள். அந்த எண் நாளைக்கு மாறாமலிருக்க, ரவுட்டரில் அந்த சிஸ்டத்துக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். எதிர்முனை இருக்கிறதா என்று சோதிக்கும் 'பிங்' கட்டளை அடித்துப் பதில் வராவிட்டாலும் கேபிளைப் பிடுங்க வேண்டாம், எதிர்முனை ஃபயர்வாலே பிங்கைத் தடுத்திருக்கலாம்.

ஐபி எண் ஒரு சிஸ்டத்தில் 192.168.1 என்றும் மற்றதில் 192.168.0 என்றும் தொடங்கினால் கதை வேறு. ஃபைபர் இணைப்புக்காரர் வைத்த பெட்டி ஒன்று, நாம் கடையில் வாங்கிய ரவுட்டர் இன்னொன்று, ஆளுக்கொரு நெட்வொர்க் நடத்துகின்றன. இரண்டாவது ரவுட்டருக்கு முதல் ரவுட்டரின் வரிசையில் யாருக்கும் கொடுக்காத ஓர் எண்ணை வைத்து, அதில் டிஹெச்சிபியை (ஐபி எண்களைத் தானே வழங்கும் வசதி) அணைத்து, கேபிளை 'வான்' (இணையம் வரும்) துளையிலிருந்து எடுத்து 'லேன்' (வீட்டு சிஸ்டங்களுக்கான) துளையில் செருகினால் வீடு முழுக்க ஒரே நெட்வொர்க். 'கெஸ்ட்' வைஃபையில் லேப்டாப்பைச் சேர்த்திருந்தால் மாற்றுங்கள். விருந்தாளிகள் வீட்டு சிஸ்டங்களைப் பார்க்கக்கூடாது என்பதற்காகத்தான் அது இருக்கிறது.

இனி உண்மையான முட்டுக்கட்டை. ஃபைல் பகிர விண்டோஸ் சிஸ்டங்கள் தங்களுக்குள் பேசும் மொழி எஸ்எம்பி; எக்ஸ்பிக்கு அதில் எஸ்எம்பி 1 என்ற பழைய மொழி மட்டுமே தெரியும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் பரவியது அந்த மொழியில் இருந்த ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டு வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை ஓரங்கட்டத் தொடங்கியது. 'இந்த ஷேருக்குக் காலாவதியான எஸ்எம்பி 1 தேவை' என்று லேப்டாப் சொன்னால் காரணம் இதுதான்.

இங்கே எல்லோரும் செய்வது, 'டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்' பட்டியலில் எஸ்எம்பி 1.0 வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக டிக் செய்வது. அதை விரித்துப் பாருங்கள், உள்ளே மூன்று இருக்கும். மற்ற சிஸ்டத்தில் போய் எடுக்க உதவும் 'கிளையண்ட்' மட்டும் போதும். மற்றவர்களுக்குக் கொடுக்க உதவும் 'சர்வர்' வேண்டாம், அதைப் போட்டால் உங்கள் புது லேப்டாப்பே பழைய ஓட்டையோடு கதவைத் திறந்து வைக்கிறது. 'ஆட்டோமேட்டிக் ரிமூவல்' டிக்காகி இருந்தால், 15 நாள் பயன்படுத்தாதபோது கிளையண்டும் தானே கழன்றுவிடும். 'போன மாதம் வேலை செய்ததே' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் அதுதான்.

ஆகவே ஷேர் பழைய சிஸ்டத்தில் இருக்கட்டும். புதியது போய் எடுக்கட்டும், வைக்கட்டும். இன்னும் நல்ல வழி, வீட்டில் விண்டோஸ் 7 சிஸ்டம் சும்மா கிடந்தால் அதை நடுவில் வைப்பது. அதற்கு இரண்டு மொழியும் தெரியும்: எக்ஸ்பி அதில் கொண்டுபோய் வைக்கும், லேப்டாப் எஸ்எம்பி 2 வழியாக எடுத்துக்கொள்ளும். லேப்டாப்பில் எதையும் தளர்த்த வேண்டியதில்லை. எக்ஸ்பி, 7 இரண்டுக்கும் இணையத்தை ரவுட்டரிலேயே தடுத்துவிடுங்கள்.

அடுத்தது பாஸ்வேர்டு. பழைய சிஸ்டத்தில் பாஸ்வேர்டே இல்லாமல் வைத்திருப்பது வழக்கம். வெற்றுப் பாஸ்வேர்டு உள்ள கணக்கில் நெட்வொர்க் வழியே நுழைய விண்டோஸ் விடாது. எக்ஸ்பியின் 'சிம்பிள் ஃபைல் ஷேரிங்' எல்லோரையும் கெஸ்ட்டாக, அதாவது பாஸ்வேர்டு கேட்காத விருந்தாளியாக, நடத்தும்; விண்டோஸ் 11 ப்ரோவின் 24ஹெச்2 பதிப்பு கெஸ்ட் நுழைவை மறுக்கிறது. எக்ஸ்பி ப்ரோவில் ஃபோல்டர் ஆப்ஷன்ஸ், வியூ போய் அந்த டிக்கை எடுத்துவிட்டு, பாஸ்வேர்டோடு தனிக் கணக்கு ஒன்று உருவாக்குங்கள். லேப்டாப் கேட்கும்போது பழைய சிஸ்டத்தின் பெயர், பின்சாய்கோடு (\), அந்தக் கணக்குப் பெயர் என்ற வரிசையில் கொடுங்கள். லேப்டாப்பைத் திறக்கும் நாலு இலக்கப் பின் எண்ணை அங்கே அடித்துப் பயனில்லை, அது அந்த லேப்டாப்புக்கு மட்டும். முன்பு தப்பாக அடித்தது, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் சேமிக்கப்பட்டிருந்தால் முதலில் அழியுங்கள்.

உள்ளே போயும் 'ஆக்சஸ் டினைடு' வந்தால், ஷேரிங் தாவலில் மட்டும் அனுமதி கொடுத்து செக்யூரிட்டி தாவலை மறந்திருப்பீர்கள். இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஒரே ஒரு ஃபைல் மட்டும் திறக்காவிட்டால், அதே டிரைவுக்குள் வேறிடத்திலிருந்து 'கட்' செய்து ஒட்டியிருக்கலாம். பழைய அனுமதியையும் சுமந்து வரும். 'காப்பி' செய்தால் புது ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும்.

கல்யாண வீடியோ போன்ற பெரிய ஃபைல் மட்டும் போகாவிட்டால், பழைய டிரைவ் ஃபேட் 32 என்ற பழைய வடிவமைப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். 4 ஜிபிக்கு மேல் ஒரு ஃபைலை அது ஏற்காது. பழைய லேன் கார்டு 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) என்றால் விநாடிக்கு 11, 12 எம்பி (மெகாபைட்)தான் வரும். 10 ஜிபிக்குக் கால் மணி நேரம். அது கோளாறு இல்லை.

ஏற்காட்டு எஸ்டேட்டுகளுக்கு ஒன்று. பங்களாவிலிருந்து குடோன் ஆபீசுக்கு வெளியே லேன் கேபிள் இழுப்பார்கள். 100 மீட்டர் தாண்டினால் சரிவராது. தாண்டாவிட்டாலும் கோடை மழையின் இடிமின்னலில் இரு பக்கப் போர்ட்டும் கருகக்கூடும். இரு கட்டடத்துக்கு நடுவே உலோகக் கம்பி இல்லாத ஃபைபர் போட்டு, இரு முனையிலும் ஃபைபரை லேன் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள்.