நிரல் ஓடுகிறது, ஆனால் பைத்தான் மாதிரி இல்லையா? பைலின்ட்டிடம் கேளுங்கள்

வேறொரு மொழியில் பழகிவிட்டுப் பைத்தானுக்கு வருபவர்களின் நிரல் பெரும்பாலும் சரியாகவே ஓடும். ஆனால் கைதேர்ந்தவர் பார்த்தால், "சி-யில் எழுதின மாதிரி இருக்கே" என்பார். அப்படிப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாதபோது உதவுபவை லின்ட்டர்கள், அதாவது நிரலை ஓட்டாமலே படித்துப் பார்த்துக் குறை சொல்லும் கருவிகள். சி மொழிக்காக 1978-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் எழுதிய லின்ட்தான் இவற்றுக்கு முன்னோடி. நாம் பைத்தானுக்கான லின்ட்டரான பைலின்ட்டை எடுத்துக்கொள்வோம். கட்டளைகளை ஒலிப்புப்படி தருகிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

படி 1: டெர்மினலில் 'பிப் இன்ஸ்டால் பைலின்ட்'. அவ்வளவுதான்.

படி 2: 'நேம்ஸ்.பை' என்ற கோப்பில் இதை எழுதுங்கள்.

நேம்ஸ் = ["அமுதா", "பாரி", "கயல்"]
ஃபார் ஐ இன் ரேஞ்ச்(லென்(நேம்ஸ்)):
    பிரின்ட்(நேம்ஸ்[ஐ])

படி 3: 'பைலின்ட் நேம்ஸ்.பை' என்று ஓடவிடுங்கள். ஒவ்வொரு செய்தியிலும் வரி எண், 'சி0200' போன்ற ஒரு குறியீடு, விளக்கம் இருக்கும். குறியீட்டின் முதல் எழுத்தைக் கவனியுங்கள். இ என்றால் பிழை, டபிள்யூ என்றால் எச்சரிக்கை. இவற்றை முதலில் சரிசெய்யுங்கள். சி என்றால் எழுதும் நடைமுறையைப் பற்றியது, ஆர் என்றால் நிரலின் அமைப்பைப் பற்றியது. பைத்தானின் நடையைக் கற்றுத்தருபவை பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

படி 4: புரியாத செய்தியை உடனே திருத்தப் போகாதீர்கள். 'பைலின்ட் --ஹெல்ப்-எம்எஸ்ஜி=சி0200' என்று கேட்டால் காரணத்தைச் சொல்லும். என்னைக் கேட்டால், பைலின்ட்டில் புதியவர்களுக்கு மிகவும் பயன்படுவது இந்த ஒரு கட்டளைதான்.

படி 5: இப்போது திருத்துவோம். சி0200, வரிசை எண்ணையும் உறுப்பையும் சேர்த்தே தரும் 'எனுமரேட்' ஃபங்ஷனைப் பயன்படுத்தச் சொல்கிறது. ஆனால் நம் நிரலில் வரிசை எண்ணுக்கு வேலையே இல்லை. எனவே 'ஃபார் நேம் இன் நேம்ஸ்:' என்று நேரடியாக எழுதி, 'பிரின்ட்(நேம்)' என்றால் போதும். பெயரோடு எண்ணையும் அச்சிட வேண்டியிருந்தால்தான் எனுமரேட். கருவி வரியின் வடிவத்தைப் பார்த்துச் சொல்கிறது. உங்கள் நோக்கம் அதற்குத் தெரியாது. முடிவு உங்களுடையது.

அடிக்கடி வரும் இன்னொன்று டபிள்யூ0102. ஃபங்ஷனின் அளவுருவுக்கு இயல்பு மதிப்பாகக் காலி லிஸ்ட்டைக் கொடுத்தால் இது வரும். இதை வெறும் நடை விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். அந்த லிஸ்ட் ஃபங்ஷன் வரையறுக்கப்படும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகும். முதல் அழைப்பில் அதில் சேர்த்தது அடுத்த அழைப்பிலும் அப்படியே இருக்கும். இயல்பு மதிப்பை 'நன்' (பைத்தானில் 'எதுவும் இல்லை' என்பதைக் குறிக்கும் மதிப்பு) என்று வைத்து, உள்ளே புது லிஸ்ட்டை உருவாக்குங்கள். அப்புறம், நன்-ஆ என்று சோதிக்க இரட்டைச் சமக்குறி வேண்டாம், 'இஸ் நன்' என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சி0121 வரும்.

படி 6: விளக்கக் குறிப்பு இல்லை என்று சி0114, சி0116 வந்துகொண்டே இருக்கும். பயிற்சிக் கோப்புதான் என்றால் பைலின்ட் கட்டளையில் '--டிசேபிள்=சி0114,சி0116' சேர்த்து அவற்றை நிறுத்திவைக்கலாம். மற்றவற்றை மொத்தமாக அணைக்காதீர்கள். ஓரிடத்தில் மட்டும் விதி பொருந்தவில்லையா? அந்த வரியிலேயே '# பைலின்ட்: டிசேபிள்=' என்று குறியீட்டைப் போட்டு, ஏன் என்றும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

கடைசியில் பத்துக்கு ஒரு மதிப்பெண் வரும். அதைத் துரத்த வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரே வகைச் செய்தியைத் திருத்தி, நிரலை மறுபடி ஓட்டி, பழைய விடையே வருகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். ரஸ்ட் மொழியில் எழுதுபவர்களுக்கு 'கார்கோ கிளிப்பி' என்ற லின்ட்டர் இருக்கிறது. அதிலும் இதே மாதிரி ஒவ்வொன்றாகப் போகலாம்.