ஃபிட்னஸ் பேண்டில் சார்ஜ் ஏறவில்லையா? பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

சார்ஜரில் வைத்தும் திரை இருட்டாகவே கிடக்கிறது. அல்லது மின்னல் குறி ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டு மறைகிறது. இரண்டில் எது நடந்தாலும் 'பேட்டரி போச்சு' என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். அடாப்டரிலிருந்து பேட்டரி வரை மின்சாரம் போகும் பாதையில் மிகப் பலவீனமான இடம், பேண்டின் முதுகில் உள்ள உலோகப் புள்ளிகளும் சார்ஜரின் ஊசிகளும் தொட்டுக்கொள்ளும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான். வியர்வை, சோப்பு, தோலின் எண்ணெய் எல்லாம் போய்ச் சேர்வதும் அங்கேதான். ஆகவே வெளியிலிருந்து உள்ளே போவோம். பேண்டைத் திறப்பது கடைசி வேலை; பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

எதற்கும் முன்னால்: பேட்டரி உப்பியிருக்கிறதா?

பேண்டைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். திரை ஒரு ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றாலோ, முதுகு மூடி குவிந்திருந்தாலோ, நெயில் பாலிஷ் போன்ற வாடை வந்தாலோ, அதன் பிறகு சார்ஜரில் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் லித்தியம் பேட்டரி வாயு சேர்ந்து உப்பியிருக்கிறது. திரையை அழுத்தி மூடப் பார்ப்பதும், ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்ற நினைப்பதும் தீ விபத்தில் முடியும். உலோக டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து, மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 மார்ச்சில் ஃபிட்பிட் அயானிக் கடிகாரங்களைப் பேட்டரி சூடாகித் தோலைச் சுடுகிறது என்ற காரணத்துக்காகவே திரும்பப் பெற்றார்கள்.

உப்பல் இல்லையென்றால் மேலே படிக்கலாம்.

அடாப்டர், பவர் பேங்க்

பேண்டின் பேட்டரி மிகச் சிறியது. மி பேண்ட் 5-ல் 125 மில்லிஆம்பியர் மணி, மி பேண்ட் 7-ல் 180. அதனால் சார்ஜ் ஆகும்போது அது இழுக்கும் மின்னோட்டமும் சுமார் 100 மில்லிஆம்பியர் அளவில்தான் இருக்கும். பல பவர் பேங்குகள் இவ்வளவு சிறிய இழுப்பை 'எதுவும் செருகப்படவில்லை' என்று எடுத்துக்கொண்டு சில நொடிகளில் தாமாகவே அணைந்துவிடும். மின்னல் குறி வந்து மறைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 5 வோல்ட், 1 ஆம்பியர் தரும் சாதாரண பழைய அடாப்டரிலோ, கணினியின் யூ.எஸ்.பி. துளையிலோ நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

டைப்-சி முனை உள்ள சார்ஜிங் கேபிள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. டைப்-சி அடாப்டர், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) இருப்பதை உணர்ந்த பிறகுதான் மின்சாரத்தைத் திறந்துவிடும். மலிவான கேபிள்கள் சிலவற்றில் அந்த ரெசிஸ்டரே இருக்காது. அப்படிப்பட்ட கேபிளை நேராக டைப்-சி அடாப்டரில் செருகினால் ஒன்றுமே நடக்காது. அதையே ஒரு மாற்றி போட்டுப் பழைய செவ்வக யூ.எஸ்.பி. துளையில் செருகினால் வேலை செய்யும்.

தொடுபுள்ளிகளைச் சுத்தம் செய்தல்

இதுதான் முக்கியமான வேலை, அவசரப்படாமல் செய்யுங்கள். முதலில் நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் போன் கேமராவில் பெரிதாக்கி, பேண்டின் புள்ளிகளைப் பாருங்கள். நல்ல புள்ளி வெளிர் தங்க நிறத்தில் மின்னும். மங்கலான சாம்பல் படலம் தெரிந்தால் அது காய்ந்த வியர்வை உப்பும் எண்ணெயும். பச்சையாகப் பூத்திருந்தால் களிம்பு. ஒரு புள்ளி பளிச்சென்றும் மற்றது கறுத்தும் இருந்தால், பேண்டை ஈரத்தோடு சார்ஜரில் வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உப்பு நீர் நிற்கும்போது 5 வோல்ட் பாய்ந்தால், பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரையத் தொடங்கும். மேலே உள்ள தங்க முலாம் போய் அடியில் உள்ள உலோகம் அரிக்கும். கறுப்பது எப்போதும் பாசிட்டிவ் புள்ளியில்தான் தொடங்கும்.

தேவையானவை: 90 சதவீதத்துக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரோபைல் ஆல்கஹால், மென்மையான பழைய பல் பிரஷ், பஞ்சுக் குச்சி, மரத்தாலான பல்குத்தும் குச்சி. 70 சதவீத ஆல்கஹாலும் ஆகும், காய்வதற்குத்தான் கூடுதல் நேரம் பிடிக்கும். கை சானிடைசர் ஜெல் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள கிளிசரின் புள்ளியின் மேல் பிசுபிசுப்பாகத் தங்கி, மின்சாரத்தைத் தடுக்கும் புதிய படலமாக மாறிவிடும்.

பேண்டை வாரிலிருந்து கழற்றி, சார்ஜரையும் மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிடுங்கள். பிரஷ்ஷின் நுனியை மட்டும் ஆல்கஹாலில் நனைத்து, உதறி, புள்ளியின் மேல் வட்டமாக 20, 30 நொடி தேயுங்கள். புள்ளியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் அழுக்கு இறுகியிருந்தால் மரக்குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். சேஃப்டி பின், கத்தி, உப்புத்தாள் எதுவும் கூடாது. பிறகு பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சு கறுப்பாகவோ பச்சையாகவோ வருவது நிற்கும் வரை புதுக் குச்சியில் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். களிம்பு இன்னும் விடவில்லையென்றால், பென்சில் எழுத்தை அழிக்கும் வெள்ளை ரப்பரின் மூலையால் நான்கைந்து முறை மட்டும் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மறுபடி ஆல்கஹாலில் துடையுங்கள். அந்தத் தங்க முலாம் மிக மெல்லியது. அதற்கு மேல் தேய்த்தால் இன்று சார்ஜ் ஏறும், சில வாரத்தில் இன்னும் மோசமாக அரித்துவிடும்.

15 நிமிடம் காற்றில் காய விட்டுவிட்டுத்தான் சார்ஜரில் வைக்க வேண்டும்.

சார்ஜரின் ஊசிகள்

பேண்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டுச் சார்ஜரை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். சார்ஜரில் தெரியும் ஊசிகளுக்குள் நுண்ணிய ஸ்பிரிங் இருக்கிறது. ஒவ்வொன்றையும் மரக்குச்சியால் அழுத்தி விடுங்கள். இரண்டும் ஒரே உயரத்துக்குத் துள்ளி எழ வேண்டும். ஒன்று பாதியில் நின்றால் அங்கே அழுக்கு புகுந்திருக்கிறது. ஊசியின் அடியில் ஒரு சொட்டு ஆல்கஹால் விட்டு, 15 முறையாவது அழுத்தி விடுங்கள். பெரும்பாலும் விடுபட்டுவிடும். காந்தம் உள்ள சார்ஜராக இருந்தால், ஊசியைச் சுற்றி இரும்புத் தூள் மீசைபோல ஒட்டியிருக்கும். இரண்டு ஊசிகளையும் அது இணைத்தால் ஷார்ட் ஆகும். துணியால் துடைத்தால் தூள் இடம் மாறுமே தவிரப் போகாது; ஒட்டு டேப்பை அழுத்தி எடுத்தால் வந்துவிடும்.

மி பேண்ட் 4 வரையிலான பழைய வகையில் மாத்திரை போன்ற பகுதியைக் கழற்றி, தொட்டில் போன்ற சார்ஜருக்குள் செருக வேண்டும். நாளடைவில் தொட்டிலின் பிடி தளர்ந்துவிடும். மாத்திரையை விரலால் அழுத்தும்போது மட்டும் சார்ஜ் ஏறினால் காரணம் இதுதான். ஊசிகளுக்கு எதிர்ப்பக்கத்தில் காகிதத்தை மூன்றாக மடித்து வைத்தால் இறுகிவிடும். புதுத் தொட்டில் வரும் வரை அது போதும்.

வேறு பேண்டின் காந்தச் சார்ஜரை 'பொருந்துகிறதே' என்று ஒட்ட வைக்காதீர்கள். இரண்டு ஊசிச் சார்ஜர்களில் ஊசிகளுக்கு இடையிலான தூரம் 2.84 மி.மீ., 4 மி.மீ. எனப் பல அளவுகளில் வரும். அளவு ஒன்றாகவே இருந்தாலும் பாசிட்டிவ், நெகட்டிவ் இடம் மாறியிருக்கலாம். தலைகீழாகப் பாய்ந்தால் நல்ல பேண்டும் செத்துவிடும்.

மல்டிமீட்டர் இருந்தால்

20 வோல்ட் டி.சி. அளவில் வைத்து, சார்ஜரின் இரண்டு ஊசிகளிலும் முனைகளைத் தொடுங்கள். ஒன்றோடொன்று இடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 4.75 முதல் 5.25 வோல்ட் வரை காட்டினால் சரி. நான்கு ஊசி இருந்தால் இரண்டு, டேட்டாவுக்கானவையாக இருக்கலாம். ஒவ்வொரு ஜோடியாக அளந்து பாருங்கள்.

5 வோல்ட் காட்டுவதாலேயே கேபிள் நல்லது என்று நம்பிவிட முடியாது. மல்டிமீட்டர் ஏறக்குறைய மின்னோட்டமே இழுக்காது என்பதால், உள்ளே ஒரே ஒரு இழை அறுபடாமல் இருந்தாலும் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஊசிகளுக்குக் குறுக்கே பிடித்தபடி அளந்து பாருங்கள். அது 100 மில்லிஆம்பியர் சொச்சம் இழுக்கும், அதாவது பேண்ட் இழுக்கும் அளவு. அப்போது 4.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் கேபிள் உள்ளே அறுந்திருக்கிறது. பெரும்பாலும் யூ.எஸ்.பி. முனையை ஒட்டி வளையும் இடத்தில்தான் அறும். அளக்கும்போது அந்த இடத்தை அசைத்துப் பாருங்கள். எண் துள்ளினால் சந்தேகமே இல்லை. இந்த நிலையில் கேபிளை மாற்றினால் போதும், பேண்ட் நன்றாகவே இருக்கிறது. ரெசிஸ்டர் சூடாகும், பத்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள்.

மாதக்கணக்கில் டிராயரில் கிடந்த பேண்ட்

பேட்டரி 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், சார்ஜ் செய்யும் சிப் முழு மின்னோட்டத்தைக் கொடுக்காது. வழக்கமானதில் பத்தில் ஒரு பங்கைத்தான் சொட்டுச் சொட்டாக ஏற்றும். அதுவரை திரையை எழுப்பும் அளவுக்குச் சக்தி இருக்காது. திரை இருட்டாக இருப்பதைப் பார்த்து ஐந்து நிமிடத்தில் எடுத்துவிட்டால், உயிர் வந்துகொண்டிருந்த பேண்டை நாமே கைவிட்டதாகும். இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே விடுங்கள். ஆனால் கண் பார்வையில் இருக்கட்டும், படுக்கையருகே வைத்துவிட்டுத் தூங்க வேண்டாம். மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் அசைவில்லை என்றால் பேட்டரி உண்மையிலேயே முடிந்துவிட்டது.

வெயிலில் ஓடிவிட்டு வந்த கையோடு சார்ஜரில் வைத்தாலும் ஏறாது. சுமார் 45 டிகிரி செல்சியஸுக்கு மேலும், 0 டிகிரிக்குக் கீழும் லித்தியம் பேட்டரியைச் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பல பேண்டுகள் தாமாகவே நிறுத்திவிடும். அரை மணி நேரம் நிழலில் வையுங்கள். ஆறட்டும் என்று ஃபிரிஜ்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் படியும்.

மென்பொருள் உறைந்திருந்தால்

சதவீதம் ஒரே எண்ணில் நிற்கிறது, தொட்டாலும் திரை நகரவில்லை என்றால் மறுதொடக்கம் செய்யுங்கள். ஃபிட்பிட் சார்ஜ் 5, லக்ஸ் இரண்டிலும் சார்ஜிங் கேபிளின் யூ.எஸ்.பி. முனையிலேயே ஒரு சிறு பொத்தான் உண்டு. பேண்ட் சார்ஜரில் இருக்கும்போது அதை 8 நொடிக்குள் மூன்று முறை, சற்று இடைவெளி விட்டு அழுத்தினால் போதும். பொத்தான் உள்ள மற்ற பேண்டுகளில் 15 நொடி வரை அழுத்திப் பிடித்துப் பாருங்கள். பேண்டின் தரவு முழுவதையும் அழிக்கும் ரீசெட்டை இதற்காகச் செய்ய வேண்டாம்.

திறக்கலாமா?

எங்கள் கருத்தில், உத்தரவாதம் உள்ளவரை கூடாது. அதற்குப் பிறகும், மெல்லிய செல்களைக் கையாண்டு பழகியவர்கள் மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. திரை பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பசை இளகச் சூடு காட்ட வேண்டும், அந்தச் சூடு அடியில் உள்ள பேட்டரிக்கும் போகும். நெம்பும் தகடு இரண்டு மில்லிமீட்டர் ஆழமாக இறங்கினால் பேட்டரி உறையே கிழியும். எல்லாம் சரியாக முடிந்து மூடினாலும் பழையபடி தண்ணீர் புகாமல் இருக்கும் என்று நம்ப முடியாது. அந்தப் பேண்டைக் கட்டிக்கொண்டு நீந்தப் போகாதீர்கள்.

சரியான பிறகு, உடற்பயிற்சி முடிந்ததும் பேண்டை நல்ல தண்ணீரில் அலசித் துணியால் ஒற்றி, புள்ளிகள் முழுதாகக் காய்ந்த பின்னரே சார்ஜரில் வையுங்கள். சில மாதங்கள் கட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் அணைத்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துச் சிறிது ஏற்றிவிடுங்கள்.