அறவாதத்தில் தடை எழுப்புவதும் விடை சொல்வதும்

எதிராளியின் வாதத்தில் எந்த உறுப்பு நிற்கவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுவதற்கே தடை என்று பெயர். ஆகவே, வாயைத் திறப்பதற்கு முன் செய்யவேண்டிய வேலை, அவர் பேச்சை உறுப்பு உறுப்பாகப் பிரித்துக்கொள்வதாகும். சைவ சித்தாந்த நூலான சிவஞான போதம் தன் கருத்துகளை மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று வகுத்துச் சொல்கிறது. அந்நூலுக்கு மாபாடியம் என்னும் பேருரை எழுதி 1785இல் மறைந்த சிவஞான முனிவர் பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்தவர் என்பதால், இந்தப் பகுப்பு நெல்லைச் சீமைக்குப் புதிதன்று. நிலைநாட்ட வேண்டிய கருத்து மேற்கோள். அதற்கான காரணம் ஏது. அக்காரணம் செல்லும் என்பதைக் காட்டும் செய்தி எடுத்துக்காட்டு.

பாபநாசம் அணையில் நீர் குறைந்துபோன ஓர் ஆண்டை வைத்துப் பார்ப்போம். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் தலைமாட்டில் இருப்பது கோடைமேலழகியான், கடைசியில் இருப்பது ஸ்ரீவைகுண்டம். இருக்கிற தண்ணீரில் தங்களுக்கே முதல் உரிமை என்று மேல்மடை விவசாயி ஒருவர் வாதிடுகிறார். தலைமுறை தலைமுறையாக இந்த நீரைக் கொண்டுதான் பயிர் செய்கிறோம் என்பது அவர் காட்டும் ஏது. மேலேயுள்ள ஏழு அணைக்கட்டுகளும் பழையவை, ஸ்ரீவைகுண்டத்தைப் பிரிட்டிஷார் 19ஆம் நூற்றாண்டில்தான் கட்டினார்கள் என்பது எடுத்துக்காட்டு.

நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது கொள்கைகளில் ஒன்று, பிறர் மதத்தை மேற்கொண்டு பின் களைவது. மேற்கொள்வது முன்னால், களைவது பின்னால் என்ற வரிசையை மாற்றக் கூடாது. அவருடைய வாதத்தை நீங்கள் உங்கள் சொல்லில் திருப்பிச் சொல்ல, அவர் "ஆமா, அதத்தான் சொல்லுதேன்" என்று தலையாட்ட வேண்டும். அதுவரை தடையைக் கையில் எடுக்காதீர்கள். அப்படித் திருப்பிச் சொல்லும்போதே, அவர் வெளியில் சொல்லாமல் நம்பியிருக்கும் பொதுவிதியும் பிடிபடும். இங்கே அது, நெடுங்காலப் பயன்பாடு உரிமையைத் தரும் என்பதாகும். வலுவான தடைகள் பெரும்பாலும் இந்தச் சொல்லப்படாத விதியின்மீதுதான் விழுகின்றன.

கடைமடைக்காரர் முதலில் எடுத்துக்காட்டைத் தாக்குகிறார் என்று கொள்வோம். "அண்ணாச்சி, அணைக்கட்டு பொறவு வந்திருக்கலாம். ஆதிச்சநல்லூர் எங்க பக்கத்துலதான இருக்கு? ஒங்களுக்கு முன்னாலயே நாங்க இருக்கோம்லா?" ஆதிச்சநல்லூர் இரும்புக்காலத் தொன்மை உடையது என்பது உண்மையே, ஆனால் ஓரிடத்தில் மக்கள் வாழ்ந்தார்கள் என்பதிலிருந்து, அவர்கள் ஆற்றுக்கால் பாசனத்தில் பயிர் செய்தார்கள் என்பது தானாகப் பெறப்படாது என்று மேல்மடைக்காரர் விடை சொல்லலாம். அந்த விடை நியாயமானது. மேலும், இந்தத் தடை வென்றாலும் விழுவது ஓர் எடுத்துக்காட்டு மட்டுமே, விதி அப்படியே நிற்கும். யார் பழையவர் என்ற வழக்கிலேயே பல வாதங்கள் பொழுதைத் தொலைத்துவிடுகின்றன.

இன்னொருவர் விதியையே தொடுகிறார். நெடுங்கால வழக்கம் உரிமை தருமானால், ஒரு சாராரைக் கோயிலுக்குள் விடாமல் வைத்திருந்ததும் நெடுங்கால வழக்கந்தான். 1947ஆம் ஆண்டின் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நியாயமான ஓர் உரிமையைப் பறித்துவிட்டது என்று சொல்வீர்களா என்று கேட்கிறார். ஆற்றைப் பற்றிய எந்தச் செய்தியையும் மறுக்காமலேயே, அவ்விதி ஒப்ப முடியாத இடத்திற்கும் இழுத்துச் செல்லும் என்று காட்டுவதால் இது முந்தையதைவிடக் கடினமான தடை.

"கோயிலையும் வாய்க்காலையும் முடிச்சுப் போடாதீர்கள்" என்பது இதற்கு விடையாகாது. இரண்டுக்கும் வேறுபாடு என்ன, அந்த வேறுபாடு அறத்தின் கணக்கில் ஏன் பொருட்படுத்தத் தக்கது என்ற இரண்டையும் சொல்லியாக வேண்டும். மேல்மடைக்காரர் இப்படிச் சொல்லலாம்: நீரை நம்பி ஒருவர் தம் பிழைப்பை அமைத்துக்கொண்டிருக்கிறார், திடீரென்று நிறுத்தினால் நட்ட பயிர் கருகும், பிறரை வெளியே நிறுத்தியவருக்கோ, அந்த வழக்கம் ஒழிந்ததால் பிழைப்பு எதுவும் போகவில்லை. இது நல்ல விடை. ஆனால் இதைச் சொன்னவுடன் ஏது மாறிவிட்டது. பழமை போய், நம்பிப் பயிர் வைத்தமை அந்த இடத்திற்கு வந்துவிட்டது. ஏது மாறினால் மேற்கோளும் பழையபடி இருக்க முடியாது. வயலில் நிற்கும் பிசானப் பருவ நெல்லுக்கு அவர் நீர் கேட்கலாம்; அண்மையில் வாழைக்கு மாற்றி, ஆண்டு முழுவதும் தண்ணீர் கேட்கும் வயலுக்கு அதே வலிமையோடு கேட்க முடியாது; கடைமடையில் ஏற்கெனவே நட்டுவிட்டவருக்கும் அதே உரிமையைக் கொடுத்தாக வேண்டும். முதல் உரிமை என்ற பேச்சு, நிற்கும் பயிருக்கு முன்னுரிமை என்று சுருங்கிவிட்டது. இதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. கனமான தடைக்குப் பிறகும் ஒருவருடைய மேற்கோள் ஓர் எழுத்தும் மாறாமல் நின்றால், அவர் விடையைத்தான் இன்னொருமுறை சோதிக்க வேண்டும்.

மேற்கோளைச் சுருக்காமல், தடை காட்டும் விளைவை அப்படியே ஏற்றுக்கொள்ளும் வழியும் உண்டு. பொய் சொல்வது எப்போதும் தவறு என்றால், கொலைகாரன் வந்து நண்பன் ஒளிந்திருக்கும் இடத்தைக் கேட்கும்போதும் மெய்தான் சொல்ல வேண்டுமா என்ற தடைக்கு, ஜெர்மன் தத்துவவாதி காண்ட் 1797இல் ஆம் என்றே எழுதினார். விதி சிதையாமல் நின்றது, ஆனால் கேட்டவர் பலருக்கு அந்த விடை ஏற்கவில்லை. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்ற குறளோ விலக்கைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் கொலைகாரனிடம் சிக்குவதில்லை. ஆனால் அந்த நன்மை புரைதீர்ந்ததா, அதாவது குற்றமற்றதா என்று தீர்மானிப்பவர் யார் என்ற புதிய தடைக்கு அது விடை சொல்ல வேண்டியிருக்கிறது.

"நீ மேல்மடைக்காரன், அப்படித்தான் பேசுவாய்" என்பது வாதத்திற்குத் தடையாகாது. ஆயினும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டிவிட்டது என்று அவர் சாட்சி சொல்லும்போது, அவர் யார் என்பதைக் கருதுவது முறையே. "எல்லாம் அவரவர் பார்வை" என்பதை விட்டுத் தள்ளலாம். பட்டிமன்றப் பழக்கத்தை இங்கே கொண்டுவரவும் வேண்டாம். அங்கே அணி முன்பே பிரித்துத் தரப்படுவதால், பேச்சாளர் மனம் மாறுவதற்கு இடமே இல்லை.

எழுத்தில் வாதிடுவோர், தம் கட்டுரைக்கு எதிரான தடைகளில் மிகக் கடுமையானதை முதலில் எழுதி, அந்தப் பத்தியை மட்டும் எதிர்க்கருத்து உடையவரிடம் படிக்கக் கொடுப்பது நல்லது. அவர் அதில் ஒரு சொல்லைத் திருத்தினாலும், விடையை அந்தத் திருத்தத்திற்குப் பிறகே எழுதத் தொடங்குங்கள்.