வயோதிபரின் மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் முழுக் கவனப் பயிற்சி: வீட்டில் தொடங்கும் முறை

எங்கள் மட்டக்களப்பு வயோதிபர்கள் மனச்சோர்வு என்ற சொல்லோடு வைத்தியரிடம் போவதில்லை. "நித்திரை வருகுதில்லை, சாப்பாடு இறங்குதில்லை, நெஞ்சுக்குள்ள அந்தரமாக் கிடக்கு" என்றே சொல்வார்கள். இது இரண்டு கிழமைக்கு மேல் நீடித்தால் முதலில் வைத்தியரிடம் காட்டி, தைரொயிட் குறைபாடு போன்ற உடற்காரணம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். முழுக் கவனப் பயிற்சி என்பது, இந்தக் கணத்தில் உடலிலும் மனதிலும் நடப்பதை நல்லது கெட்டது என்று எடைபோடாமல் கவனிப்பது. அதை நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய எட்டு வார முழுக் கவனப் பயிற்சியை, பின்னர் சிண்டெல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜோன் டீஸ்டேல் ஆகியோர் அறிகைச் சிகிச்சையோடு (எண்ணப் போக்கை இனங்கண்டு கையாளும் உளச் சிகிச்சை) இணைத்து, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வருவோருக்கென வடிவமைத்தார்கள். அதன் வேர் பௌத்த தியானத்தில் இருந்தாலும் வழிபாடு எதுவும் அதில் இல்லை. எந்தச் சமயத்தவரும் செய்யலாம்.

முதற்படி இருக்கை. நிலத்தில் சம்மணமிடத் தேவையில்லை. சாய்மானமுள்ள கதிரையில், இரு பாதமும் தரையில் படும்படி, வெயில் ஏறுமுன் ஐந்து நிமிடம் இருந்தால் போதும். கண்ணை மூட விருப்பமில்லாதவர் திறந்தே வைத்திருக்கலாம்.

இரண்டாம் படியில் கவனத்தைப் பாதத்துக்குக் கொண்டுவர வேண்டும். பலரும் மூச்சிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். இங்கே நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 2004 சுனாமியில் தண்ணீருக்குள் மூச்சுத் திணறித் தப்பியவர்களும், முட்டு வருத்தம் (ஆஸ்துமா) உள்ளவர்களும் மூச்சைக் கவனிக்கும்போது பதகளிப்புக் கூடிவிடக்கூடும். கல்லடியிலோ திருக்கோவிலிலோ உறவுகளைக் கடலுக்குக் கொடுத்த ஒருவரிடம் அலைச் சத்தத்தைக் கேட்கச் சொல்வதும் தகாது. காலின் கீழே பன்பாயை விரித்து, பேரப்பிள்ளை அருகிலிருந்து, "அம்மம்மா, பாய் குளிரா, சூடா? எந்த விரலில சொரசொரக்குது?" என்று மெதுவாகக் கேட்கட்டும்.

மூன்றாம் படிக்கு, மூலப் பயிற்சியில் ஓர் உலர்ந்த முந்திரிகையை (உலர் திராட்சை) மெதுவாகச் சுவைக்கக் கொடுப்பார்கள். நமக்கு வெறும் தேத்தண்ணீர் பொருந்தும். கோப்பையின் சூட்டை இரு உள்ளங்கையாலும் உணர்ந்து, ஆவியை முகர்ந்து, முதல் மிடறு தொண்டையால் இறங்கும்வரை அதனுடனேயே இருக்க வேண்டும்.

நான்காம் படிதான் கடினமானது, பயனும் அதில்தான் அதிகம். இடையில் "நான் பிள்ளைகளுக்குப் பாரம்" என்ற எண்ணம் வரும். அதை மறுக்கவோ விரட்டவோ முயலாமல், "பாரம் என்ற நினைப்பு வந்திருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லி, மீண்டும் பாதத்துக்கு வர வேண்டும். மனம் பத்துத் தரம் அலைந்தால் பத்துத் தரம் திரும்புவதே பயிற்சி, அலைந்தது தவறல்ல. முடிந்ததும் சட்டென்று எழுந்தால், பிரஷர் மாத்திரை எடுப்பவருக்குத் தலை சுற்றலாம். சற்று அமர்ந்திருந்து, கதிரையைப் பிடித்து எழச் செய்யுங்கள்.

பழைய துயரம் மேலெழுந்து நடுக்கமோ அழுகையோ அடங்காவிட்டால் அன்றைக்கு நிறுத்திவிட்டு, உளவளத்துணையாளர் ஒருவரின் துணையோடு மட்டும் தொடருங்கள். "செத்தால் நல்லம்" என்று ஒருவர் சொன்னால் வயதுபோன கதையென்று விட்டுவிடாமல், அவரைத் தனியே விடாது, அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.