கார்ட் டிராக்கில் மினி சூப்பர்மோட்டோ: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நம் பிள்ளைகள் பலரிடம் பிட் பைக், அதாவது மண்ணில் ஓட்டும் குட்டி பைக், இருக்கிறது. சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நிறைய கராஜ்களில் ஒன்று நிற்கும். ஓட்டத்தான் இடமில்லை. நம்பர் பிளேட் இல்லாத வண்டியை, ஹெல்மெட்கூடப் போடாமல், தெருவில் முறுக்கிக்கொண்டு போகிறார்கள். எதிரே டாக்ஸிகள் வருகின்றன. பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். அதே பைக்கின் சக்கரத்தையும் டயரையும் மாற்றி கார்ட் டிராக்குக்கு, அதாவது கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டிகள் ஓடும் தார்ப்பாதைக்கு, கொண்டுபோனால், எதிரே எதுவும் வராத இடத்தில் நாள் முழுக்க வளைவு வளைவாகப் பழகலாம். அதை எப்படித் தொடங்குவது என்று எழுதுகிறேன்.

மண் பாதையில் பந்தயம் ஓட்டும் மோட்டோகிராஸ் பைக்கில் ரோட்டு டயர் மாட்டி ஓட்டுவதுதான் சூப்பர்மோட்டோ. 1979-இல் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்காக நடந்த பந்தயத்திலிருந்து வளர்ந்தது. மினி என்பது அதன் குட்டி வடிவம்: 10 அல்லது 12 அங்குலச் சக்கரம், பெரும்பாலும் 125 முதல் 160 சிசி வரை நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். வேகம் பெரிதாக இராது. அதுதான் நல்லது. டயர் எப்போது பிடிக்கிறது, எப்போது நழுவப் பார்க்கிறது என்பதெல்லாம் குறைந்த வேகத்திலேயே கைக்கும் இடுப்புக்கும் தெரிந்துவிடும். மோட்டோ3 என்ற பைக் பந்தயப் பிரிவின் உலகப் பட்டத்தை 2016-இல் வென்ற நம் நாட்டு பிராட் பிண்டர்கூட சிறுவயதில் கார்ட் ஓட்டித்தான் தொடங்கினார்.

புதிதாக வருபவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: எஞ்சினுக்குச் செலவு செய்யாதீர்கள். பெரிய கார்புரேட்டர், ரேஸ் கேம், சத்தம் போடும் சைலன்சர் எல்லாம் அப்புறம். கையில் உள்ள காசு முதலில் உங்கள் உடம்பைக் காக்கும் உடுப்புக்கு, அடுத்து டயருக்கு, அடுத்து பிரேக்குக்கு.

எங்கே, எப்போது

நம் க்வாசூலு-நட்டாலில் என்3 சாலையில் கேம்பர்டவுன் பக்கம் இடுபே கார்ட் டிராக் இருக்கிறது. கேப் டவுன்காரர்களுக்குக் கில்லார்னி, பிரிட்டோரியாவுக்கு ஸ்வார்ட்காப்ஸ், லெனேஷியா பக்கம் இருப்பவர்களுக்கு ஃபெரீனிஹிங். கார்ட் டிராக் என்றால் எப்போதும் பைக்கை உள்ளே விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். போன் செய்து பைக்குக்கான நாள், வயது, சத்த வரம்பு மூன்றையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். கார்ட்டும் பைக்கும் ஒரே நேரத்தில் ஓடும் டிராக்கில் இறங்கவே வேண்டாம். பொறுப்புத் துறப்புப் படிவம் ஒன்றில் கையெழுத்து வாங்குவார்கள்; பிள்ளைகளுக்குப் பெற்றோர் போட வேண்டும்.

எங்கள் பக்கம் மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, டிராக் காய்ந்திருக்கும். ஆனால் காலையில் தார் சில்லென்று இருக்கும், டயர் சூடேற நேரம் எடுக்கும். கோடையில் மதியத்துக்கு மேல் இடி மழை வரும் என்று வைத்துக்கொண்டு, காலையிலேயே ஓட்டி முடிப்பது நல்லது.

உடுப்பு

முகம் முழுக்க மூடும் ஹெல்மெட், ஒருமுறைகூட அடிபடாதது. தோல் சூட், முதுகுக் கவசம், மணிக்கட்டை மூடும் தோல் கையுறை, கணுக்காலுக்கு மேலே வரும் பூட்ஸ். ஜீன்ஸும் டேக்கிஸும் (கேன்வாஸ் ஷூ) போட்டுக்கொண்டு வராதீர்கள். தார் ஜீன்ஸை நொடியில் கிழித்துவிடும். புதுத் தோல் சூட் விலை அதிகம்தான். பழையதை வாங்கினால் தையலை, முக்கியமாகத் தோள், முழங்கை, புட்டம் ஆகிய இடங்களில், இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

முந்தைய நாள், கராஜில்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்.

முதலில் ஆயில். இந்தச் சின்ன எஞ்சின்களில் ஆயில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். டிராக்கில் அது சீக்கிரம் கறுத்துவிடும். 10டபிள்யூ-40 மோட்டார்சைக்கிள் ஆயில், டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று போட்டிருக்க வேண்டும். கிளட்ச் இதே ஆயிலில்தான் குளிக்கிறது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்ட்டைக் கம்பி போட்டுக் கட்டச் சொல்லும் டிராக்குகள் உண்டு. யாரும் சொல்லாவிட்டாலும் கட்டுங்கள். உங்கள் ஆயிலில் விழுவது பின்னால் வருபவர்.

அடுத்து சக்கரம். புது ஸ்போக் சக்கரம் முதல் ஓட்டத்திலேயே தளரும். சின்ன ஸ்பேனரால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி டிங் என்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். தளர்ந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக, கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குங்கள்.

செயினை நீங்கள் உட்கார்ந்த நிலையில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். நிற்கும் பைக்கில் சரியாகத் தெரியும் செயின், ஆள் ஏறியதும் விறைத்துப்போகலாம். ஆள் ஏறிய பிறகும் நடுவில் ஒரு விரல் அகலம் ஆட வேண்டும். கடல் காற்றில் நம் ஊர்ச் செயின் துருப்பிடிப்பது சொல்லவே வேண்டாம், துடைத்து ஆயில் போடுங்கள்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: கியர் வரிசை. சில பிட் பைக்கில் நியூட்ரல் எல்லாவற்றுக்கும் கீழே, அங்கிருந்து மேலே தட்டிக்கொண்டே போக வேண்டும். சிலவற்றில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவில். இரவல் பைக் என்றால் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, ஒவ்வொரு கியரையும் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். வளைவுக்கு முன்னால் கியர் குறைக்கப் போய் நியூட்ரலில் விழுந்தால், எஞ்சின் பிடி இல்லாமல் பைக் நேராக ஓடும்.

ஹேண்டில்பாரும் லீவரும் உங்களுக்காக. பைக்கில் உட்கார்ந்து, முழங்கைகளை வெளியே தூக்கி, விரல்களை நீட்டுங்கள். நீட்டிய விரல் நேராக லீவரில் போய் உட்கார வேண்டும். மணிக்கட்டு மேலேயும் மடியக்கூடாது, கீழேயும் மடியக்கூடாது. லீவரைப் பிடிக்கும் திருகை லேசாக இளக்கித் திருப்பினால் போதும். ஐந்து நிமிட வேலை.

பக்கியில் (பிக்கப் வண்டியில்) ஏற்றும்போது ஸ்ட்ராப்பை இழுத்து முன் ஃபோர்க்கைப் பாதிவரை அமுக்கினால் போதும். முழுக்க அமுக்கிக் கட்டினால் ஃபோர்க்கின் ஆயில் சீல் போய்விடும்.

டிராக்கில் வந்து இறங்கியதும்

டயர் காற்றை டிராக்கில்தான் பார்க்க வேண்டும், வீட்டில் அல்ல. அளவி காட்டுவது வெளிக்காற்றுக்கும் டயருக்கும் உள்ள வித்தியாசம். டர்பன் கடலோரத்தில் 1.4 பார் அடித்து ஜோஹானஸ்பர்க் ஏறினால், ஒரு சொட்டுக் காற்றும் கூடாமலேயே அங்கே 1.6-ஐ நெருங்கிக் காட்டும். 12 அங்குல மென்மையான டயருக்கு, குளிர்ந்த நிலையில் 1.3 முதல் 1.5 பாருக்குள் தொடங்கலாம். டயர் கம்பெனி வேறு எண் சொன்னால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்புரேட்டருக்கும் இதே கதை. 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஜோஹானஸ்பர்க்கில் காற்றின் அடர்த்தி நம் கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. டர்பனில் சரியாக ஓடிய பைக் அங்கே பெட்ரோல் மிகுந்து தடுமாறும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்துவிடும் துளையான மெயின் ஜெட்டைச் சின்னதாக்க வேண்டும். அங்கிருந்து இறங்கி வருபவர்கள் கண்டிப்பாகப் பெரிதாக்க வேண்டும். காற்றோடு கலக்கும் பெட்ரோல் குறைந்தால் எஞ்சின் மிதமிஞ்சிச் சூடாகும்.

முன் ஃபோர்க்கின் வழவழப்பான குழாயில் ஒரு சின்ன கேபிள் டையைச் சுற்றிக் கட்டி, சீல்வரை தள்ளிவிடுங்கள். பத்து லேப் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஃபோர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு தூரம் அது நகர்ந்து நிற்கும். கடைசிவரை போய் முட்டியிருந்தால் ஃபோர்க் ரொம்ப மிருது: கனமான ஆயில், அல்லது கடினமான ஸ்பிரிங். பாதிகூட நகரவில்லை என்றால் ரொம்ப விறைப்பு, அல்லது நீங்கள் இன்னும் பிரேக்கை நம்பவில்லை. முதல் நாளில் இரண்டாவதுதான் அதிகம், அதனால் உடனே ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

பின் ஷாக்குக்கு ஒரு டேப் போதும். சக்கரம் தரையைத் தொடாமல் தூக்கி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்குக் கீழ் ஒரு புள்ளிவரை அளந்துகொள்ளுங்கள். முழு உடுப்போடு நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் மறுபடி அளக்கவும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், சக்கரம் மொத்தம் மேலும் கீழும் போகும் தூரத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அதிகமாக இறங்கினால் ஸ்பிரிங்கின் வளையத்தை இறுக்குங்கள். வளர்ந்த ஆள் உட்கார்ந்ததும் பின்பக்கம் அப்படியே தொங்கிப்போகும் பைக்குகள் உண்டு. வளையத்தை இறுக்கியும் சரியாகவில்லை என்றால் ஸ்பிரிங்கையே மாற்ற வேண்டும்.

உட்காருவதும் சாய்வதும்

டேங்கை ஒட்டி முன்னால் உட்காருங்கள். பின்னால் போனால் முன் டயருக்கு எடை குறையும், வளைவில் பைக் வெளியே தள்ளிக்கொண்டு போகும். முழங்கைகள் வெளியே. பிரேக் லீவரில் ஒன்று அல்லது இரண்டு விரல்.

இதில் பைக்தான் சாயும், நீங்கள் அல்ல. உள்பக்கக் கையை நீட்டி ஹேண்டில்பாரைக் கீழே அமுக்குங்கள். வெளிப்பக்க முழங்கை மேலே எழும். இடுப்பு சீட்டின் வெளி விளிம்புக்கு வரும். எடை வெளிப்பக்க ஃபுட்பெக்கில் இறங்கும். மேல் உடம்பு ஏறக்குறைய நிமிர்ந்தே இருக்கும்.

காலை நீட்டுவதைப் படத்தில் பார்த்துவிட்டு எல்லோரும் அதைத்தான் முதலில் செய்யத் துடிக்கிறார்கள். கால் போக வேண்டியது பக்கவாட்டில் அல்ல, முன் ஆக்ஸிலை நோக்கி. முழங்கால் சற்று மடிந்து, கால்விரல் மேலே பார்த்து, பாதம் தாரை உரசாமல் மேலே மிதக்க வேண்டும். பாதம் பின்தங்கித் தரையில் மாட்டினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். இந்த விளையாட்டில் நான் அதிகம் பயப்படும் காயம் அது. இடது வளைவு என்றால் கியர் மாற்றி முடித்த பிறகே இடது கால் வெளியே. வலது வளைவில் வலது கால் வெளியே போனதும் பின் பிரேக் உங்களிடம் இல்லை என்பதை மனதில் வையுங்கள்.

டிராக்கில் இறங்கும் முன், பைக்குகளை நிறுத்தித் தயார் செய்யும் பேடாக்கின் ஒரு மூலையில் அனுமதி கேட்டு, இரண்டு பிளாஸ்டிக் கோனை வைத்து எட்டுப் போடுங்கள். குறைந்த கியரில், மெதுவாக. என் அக்கா மகள் முதலில் எட்டுப் போட்டபோது, "மாமா, பைக் திரும்பவே மாட்டேங்குது" என்றாள். அவள் கண் முன் சக்கரத்துக்கு இரண்டடி முன்னால் தரையில் இருந்தது. "கோனைப் பார்க்காதே கண்ணு, அடுத்துப் போற இடத்தைப் பாரு, தாடையையும் அங்கே திருப்பு" என்றேன். அடுத்த சுற்றிலேயே வட்டம் பாதியாகச் சுருங்கியது. ஹேண்டில்பாரில் அவள் வேறெதுவும் மாற்றவில்லை.

முதல் ஓட்டம்

ஒரே கியரில் ஓட்டுங்கள். டிராக்கைப் படிக்க வந்திருக்கிறீர்கள், கியர் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் சில லேப்பில் டயர் குளிர்ச்சி, சாய்க்க வேண்டாம்.

பிரேக் நேர்கோட்டில் பிடித்து, நேர்கோட்டிலேயே பெரும்பாலும் விட்டுவிட வேண்டும். முன் பிரேக்கை முதலில் லேசாகத் தொட்டு ஃபோர்க் இறங்கும்வரை காத்திருந்து, அப்புறம் இறுக்கிப் பிடியுங்கள். ஃபோர்க் இறங்கும் முன்பே அறைந்து பிடித்தால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். வளைவுக்குள் மெதுவாகப் போய், வெளியே வரும்போது முறுக்குங்கள். வெளி விளிம்பிலிருந்து தொடங்கி, வளைவில் பாதி தாண்டிய பிறகு உள்முனையைத் தொட்டு, மறுபடி வெளி விளிம்பு. கார்ட் டிராக்கின் ஹேர்பின்னில் (அப்படியே திரும்பி வரும் கூர்மையான வளைவில்) உள்முனையைச் சீக்கிரம் தொட்டவர் வெளியே வரும்போது இடமில்லாமல் புல்லில் இறங்குவார்.

கொடிகள்: மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தக்கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிற்கிறது, மெதுவாகப் பிட்டுக்கு வாருங்கள். நீலம் என்றால் வேகமானவர் பின்னால் வருகிறார். உங்கள் லைனை விட்டு விலகாமல் ஓட்டுங்கள், அவர் பார்த்துக்கொள்வார். பிட்டுக்குள் நுழையும் முன் ஒரு கையைத் தூக்குங்கள்.

மாற்றங்கள், ஒவ்வொன்றாக

ஒவ்வொரு ஓட்டமும் பத்து நிமிடம் போதும். வந்ததும் டயர் சூடாக இருக்கும்போதே காற்றை அளந்து நோட்டில் எழுதுங்கள், கூடவே ஒரு வரி: பைக் என்ன செய்தது. ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். காற்றையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று தெரியாது.

நீளமான நேர்பாதையின் பாதியிலேயே மேல் கியரில் எஞ்சின் கதறிக்கொண்டு நின்றால், முன் ஸ்பிராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒரு பல் கூட்டுங்கள். வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் மூச்சுத்திணறினால் ஒரு பல் குறைக்கலாம். முன்னால் ஒரு பல், பின்னால் ஏறக்குறைய இரண்டரைப் பல்லுக்குச் சமம் என்பதால், நுணுக்கமாக வேண்டுமென்றால் பின் ஸ்பிராக்கெட்டை மாற்றுங்கள். பிரேக் பிடிக்கும்போது பின் சக்கரம் குதித்தால் பெரும்பாலும் செட்டப் அல்ல, கியரை அவசரமாகக் குறைத்ததுதான். கிளட்சை மெதுவாக விடுங்கள்.

கை வலித்து, லைன் தவற ஆரம்பித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள், இன்னும் ஒரு ஓட்டம் பாக்கி இருந்தாலும் சரி. பைக்கைப் பக்கியில் ஏற்றும் முன் ஸ்போக்கை மறுபடி தட்டி, பிரேக் பேடின் கனத்தைப் பார்த்து, ஆயில் எங்காவது கசிகிறதா என்று எஞ்சினின் அடியில் கை வைத்துத் தடவிப் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகு.